திரையில் தெரிவதைத் தீர விசாரிக்க: இயற்பியல் ஆய்வக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலை முதலாமாண்டு இயற்பியல் ஆய்வகத்தை ஆண்டுதோறும் நடத்திவரும் உங்களை நோக்கியே இம்மடல் எழுதப்படுகிறது. உங்கள் ஆய்வகத்தில் பயின்று, செய்முறைத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்று வெளியேறும் மாணவர்களில் பலர், சி.ஆர்.ஓ. என்று எல்லோரும் அழைக்கும் அலைகாட்டியின் முன் தனியே நிறுத்தப்பட்டால் திகைத்துப்போகிறார்கள் என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். திரையில் ஓடிக்கொண்டேயிருக்கும் அலையை நிறுத்த அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியும் வடிவம் மின்சுற்றிலிருந்து வருகிறதா, தாங்கள் மாட்டிய கம்பியால் வருகிறதா என்று பிரித்தறியவும் இயல்வதில்லை. அந்தத் திகைப்புக்கு மாணவரின் மந்தம் காரணமன்று. விடையை முதலில் கொடுத்துவிட்டு அதை நோக்கி அவர்களை நடத்திச்செல்லும் ஏற்பாடே காரணம். அந்த ஏற்பாட்டை மாற்றும் உரிமையில் ஒரு பங்கேனும் உங்கள் கையில் இருப்பதால், குறையும் கோரிக்கையும் உங்களிடமே வைக்கப்படுகின்றன.

உங்கள் இக்கட்டுகள் தெரியாதவை அல்ல. வாரத்துக்கு ஒரு பிற்பகல், ஐம்பது அறுபது மாணவர்கள், அவர்களுக்கு நடுவே நல்ல நிலையில் மூன்றோ நான்கோ அலைகாட்டிகள், பருவத்துக்குள் முடித்தாக வேண்டிய சோதனைகளின் பட்டியல், இறுதியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர், அவர் முதலில் புரட்டிப்பார்க்கும் ரெக்கார்டு நோட்டு என்று நாற்புறமும் நெருக்கும் நிலையில், மாணவர் தானாகத் தடுமாறிக் கற்கட்டும் என்று விட்டுவிடுவது எளிதல்ல. ஆயினும் அந்த நெருக்கடியே ஆய்வகத்தின் நோக்கத்தைத் தின்றுவிட்டது என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, அட்டவணை, முடிவு என்ற ஆறு தலைப்புகளும் சோதனை தொடங்குமுன்பே நிரப்பப்பட்டுவிடுகின்றன. அட்டவணையின் எண்களுக்கு மட்டும் காலியிடம் விடப்படுகிறது. அந்த எண்களும் சென்ற ஆண்டு அண்ணன்மாரின் நோட்டில் கிடைக்கின்றன. இவ்வாறு முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்ட சோதனையில் அலைகாட்டிக்கு வேலையே இல்லை. அது தேர்வாளருக்குக் காட்ட மேசைமேல் வைக்கப்படும் சீர்வரிசைப் பொருளாகிறது.

அலைகாட்டி செய்யும் வேலையைச் சொல்லில் அடக்குவது எளிது: மின்னழுத்தம் நேரத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பதை அது வரைபடமாகக் காட்டுகிறது. கிடைமட்ட அச்சில் நேரம், செங்குத்து அச்சில் மின்னழுத்தம். பெரும்பாலான கருவிகளின் திரை குறுக்கே பத்துக் கட்டங்களாகவும் மேல்கீழாக எட்டுக் கட்டங்களாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். 1897-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன், மாறும் மின்னோட்டத்தின் வடிவத்தைக் கண்ணால் காண்பதற்கென்றே எதிர்மின்கதிர்க் குழாயை உருவாக்கினார். ஆனால் இன்றைய மாணவர் அறியும் அலைகாட்டி உருப்பெற இன்னொரு கருத்தும் தேவைப்பட்டது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஹோவர்ட் வாலமும் ஜாக் மர்டாக்கும் 1946-இல் தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் மறு ஆண்டே வெளியிட்ட 511 என்ற கருவியின் பெரும்பேறு, டிரிகர் எனப்படும் தூண்டல் முறையைப் பயனுக்குரிய வகையில் அமைத்துத் தந்ததே.

டிரிகர் என்பது, வரையத் தொடங்கும் கணத்தைத் தீர்மானிக்கும் ஏற்பாடு. மின்னழுத்தம் குறிப்பிட்ட ஒரு மட்டத்தை, ஏறும்போதோ இறங்கும்போதோ கடக்கும் கணத்தில்தான் கோடு இடப்புறத்திலிருந்து புறப்பட வேண்டும் என்று கருவிக்குக் கட்டளையிட்டால், ஒவ்வொரு முறையும் அலையின் அதே இடத்திலிருந்து வரைதல் தொடங்கும். ஆயிரக்கணக்கான வரைவுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி ஒரே அசையாத படமாகத் தெரியும். கட்டளை மட்டத்தை அலையின் உச்சிக்கும் மேலே வைத்துவிட்டால் பொருத்தம் குலைந்து படம் வழுக்கி ஓடும். ஆகவே திரையில் நிற்கும் அலை தானாக நிற்பதில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று பார்ப்பவர் எடுத்த முடிவால் நிற்கிறது. முதலாமாண்டு மாணவர் அலைகாட்டியிடம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே. உங்கள் ஆய்வகங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பாடமும் இதுவே.

விடுபடுவதற்கு வழிசெய்வது 'ஆட்டோ' என்ற ஒற்றைப் பொத்தான். இலக்கமுறை அலைகாட்டிகள் வந்த பின், கம்பியை மாட்டியதும் அந்தப் பொத்தானை அழுத்து என்பதே செய்முறையின் முதல் வரியாகிவிட்டது. அழுத்தியவுடன் கருவி தானே அளவுகோலைத் தேர்ந்து, தானே டிரிகர் மட்டத்தை அமைத்து, இரண்டு மூன்று அலைகளை அழகாக நிறுத்திவிடுகிறது. ஓரத்தில் அதிர்வெண்ணையும் வீச்சையும் எண்ணாகவே அச்சிட்டும் தருகிறது. மாணவர் அந்த எண்ணை எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். பணிமனையில் அவசரத்தில் இருக்கும் பொறியாளருக்கு அந்தப் பொத்தான் உதவலாம். கற்கவந்தவருக்கு அது வாய்ப்பாட்டைக் கற்குமுன் கையில் திணிக்கப்பட்ட கணிப்பான் போன்றது. கருவி தவறாகத் தேர்ந்திருந்தாலும் அதைத் தவறென்று அறிவதற்கு வேண்டிய பயிற்சி அவரிடம் இராது.

அந்தப் பொத்தான் இல்லாமலே தொடங்குவதற்கு எந்தச் செலவும் இல்லாத ஒரு வழி உண்டு. எந்த மின்சுற்றும் மேசைமேல் வேண்டாம். அலைகாட்டியின் உள்ளீட்டில் புரோப் எனப்படும் ஆய்வுமுனையை மட்டும் மாட்டி, அதன் நுனியை மாணவர் தம் விரலால் தொடட்டும். தட்டையாகக் கிடந்த கோடு நெளிந்து எழும். நேர அளவுகோலைக் கட்டத்துக்கு 5 மில்லி நொடி என்று திருகினால் ஒரு முழு அலை நான்கு கட்டங்களில் அடங்கும். நான்கை ஐந்தால் பெருக்கினால் 20 மில்லி நொடி, அதாவது நொடிக்கு 50 அலைகள். சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளின் மாறுமின்புலத்தை மாணவரின் உடலே வானலை வாங்கிபோல் ஏந்தித் திரைக்குக் கொண்டுவருகிறது. வடிவம் தூய சைன் அலையாக இராமல் முட்டும் முடிச்சுமாகத் தெரியும். அந்த அழுக்கான அலையை டிரிகர் குமிழைத் திருகித் தன் கையாலேயே நிறுத்தும் மாணவர், எந்தப் பாடநூலும் தராத இரண்டு செய்திகளை ஒருங்கே பெறுகிறார்: அளப்பவரும் அளவைக்குள் இருக்கிறார், திரையில் அலை தெரிவதாலேயே அது தம் மின்சுற்றின் அலை என்று கொள்ளலாகாது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று வழங்கும் முதுமொழி வேறெந்தக் கருவியைவிடவும் அலைகாட்டிக்குப் பொருந்தும். அது பொய் சொல்லும் இடங்கள் ஒழுங்கானவை, காரணம் கண்டுபிடிக்கக்கூடியவை, ஆகையால் கற்பிக்கத்தக்கவை. அவற்றை மாணவரின் கண்ணில் படாமல் மறைத்து, ஒழுங்காக வரும் சோதனைகளை மட்டும் பட்டியலில் வைத்திருப்பதுதான் உங்கள்மேல் சாட்டப்படும் முதற்குறை.

மின்தேக்கி மின்னேற்றம் பெறும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் தொடராக இணைக்கப்பட்டால், மின்தேக்கியின் மின்னழுத்தம் இறுதி மதிப்பில் ஏறத்தாழ 63 விழுக்காட்டை எட்ட எடுக்கும் நேரமாகிய காலமாறிலி, தடையையும் தேக்குதிறனையும் பெருக்கி வரும் 1 மில்லி நொடி. 100 ஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்தால் ஒவ்வோர் அரை அலைக்கும் 5 மில்லி நொடி கிடைக்கும். அது காலமாறிலியைப்போல் ஐந்து மடங்கு என்பதால் மின்தேக்கி 99 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பிவிடும். படம் நூலில் உள்ளபடியே வரும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. இப்போது அதே மேசையில் மின்தடையை 1 மெகா ஓம் ஆகவும் மின்தேக்கியை 0.001 மைக்ரோ ஃபாரட் ஆகவும் மாற்றச் சொல்லுங்கள். சூத்திரப்படி காலமாறிலி அதே 1 மில்லி நொடிதான். ஆனால் நேர்க்கம்பி வழியாகப் பார்த்தால் திரையில் மின்னழுத்தம் பாதிவரைதான் ஏறுகிறது, காலமாறிலியும் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

சூத்திரம் பொய்த்துவிட்டதா என்ற கேள்வி அங்கே தானாக எழும். அந்தக் கேள்விக்காகவே ஆய்வகம் இருக்கிறது. அலைகாட்டியின் உள்ளீட்டுத் தடை பொதுவாக 1 மெகா ஓம். அது மின்தேக்கிக்குப் பக்க இணைப்பாக அமர்ந்து, வந்த மின்னோட்டத்தில் தன் பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது. முதற்சுற்றிலும் அது அதையே செய்தது; ஆனால் அங்கே தடை 10 கிலோ ஓம் மட்டுமே என்பதால் பிடுங்கியது நூற்றில் ஒரு பங்காகப் போய், கண்ணுக்குத் தப்பியது. பத்து மடங்கு புரோப்பை மாட்டினால் உள்ளீட்டுத் தடை 10 மெகா ஓம் ஆக உயர, திரையின் அலையும் சூத்திரத்தை நெருங்குகிறது. இந்த இரண்டாம் சுற்றை உங்கள் பட்டியலில் சேர்க்க ஒரு புதிய கருவியும் வேண்டியதில்லை. இரண்டு உதிரிகளை மாற்றினால் போதும். இருந்தும் 'முடிவு சரியாக வராது' என்பதற்காகவே அது சேர்க்கப்படாமல் இருக்கிறது.

இதைவிட நுட்பமான பொறி புரோப்பின் பக்கவாட்டில் தொங்கும் கறுப்பு முதலைக்கவ்வியில் இருக்கிறது. மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளைச் சுற்றின் எந்த இரண்டு புள்ளிகளிலும் வைக்கலாம் என்று பழகிய மாணவர், அலைகாட்டியின் கவ்வியையும் அப்படியே எண்ணுகிறார். ஆனால் மின்னிணைப்பில் இயங்கும் அலைகாட்டியில் அந்தக் கவ்வி, பிளக்கின் மூன்றாவது முனை வழியாகக் கட்டடத்தின் எர்த்துடன் சேர்ந்திருக்கிறது. சதுர அலையைத் தரும் ஃபங்ஷன் ஜெனரேட்டர்கள் பலவற்றிலும் கறுப்புக் கம்பி அதே எர்த்துடன் சேர்ந்திருக்கிறது. ஜெனரேட்டரின் சிவப்பு முனையிலிருந்து மின்தடை, அதன்பின் மின்தேக்கி, அதன்பின் கறுப்பு முனை என்று கட்டப்பட்ட சுற்றில், மின்தடையின் மின்னழுத்தத்தைப் பார்க்க விரும்பும் மாணவர் புரோப்பின் நுனியைச் சிவப்பு முனையிலும் கவ்வியை இரண்டு உதிரிகளின் சந்திப்பிலும் மாட்டினால், சந்திப்பு எர்த்தாகிவிடும். மின்தேக்கியின் இரு முனைகளும் ஒன்றாகிச் சுற்றிலிருந்தே அது மறைந்துவிடும்.

அப்போது புகை வராது, ஃபியூஸ் போகாது, எச்சரிக்கை விளக்கும் எரியாது. திரையில் மிகத் தெளிவான சதுர அலை ஒன்று தெரியும். மாணவர் அதை வரைந்துகொண்டு, மின்தடையின் மின்னழுத்தம் மூலத்தின் மின்னழுத்தத்துக்குச் சமம் என்று எழுதிவிடுவார். உண்மையில் அங்கே தெரிய வேண்டியது, ஒவ்வொரு மாற்றத்திலும் கூராக எழுந்து தேய்ந்துவிழும் முனைகள். இந்தப் பிழையைக் காணவிட்டு, 'மின்தேக்கியை இப்போது கையால் கழற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள்' என்று சொல்லும் ஆசிரியர் அரைமணிப் பேச்சை மிச்சப்படுத்துகிறார். கழற்றிய பின்னும் அலை மாறாமல் நிற்பதைக் காணும் மாணவர் அதை ஆயுளுக்கும் மறப்பதில்லை. உதிரிகளை இடம் மாற்றி அமைப்பதும், இரண்டு அலைவரிசைகளில் இரு புள்ளிகளையும் எர்த்தைச் சார்ந்தே அளந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பதும் சரியான வழிகள் என்பதை அதன்பின் சொன்னால் போதும்.

பால அலைதிருத்தியில், அதாவது நான்கு டையோடுகளால் மாறுமின்னோட்டத்தை ஒரே திசையில் திருப்பும் சுற்றில், இதே பிழை புகையோடு வருகிறது. உள்ளீட்டு அலையையும் வெளியீட்டு அலையையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு கவ்வியை மின்மாற்றியின் ஒரு முனையிலும் மற்றதை வெளியீட்டின் எதிர்முனையிலும் மாட்டினால், இரு கவ்விகளும் கருவிக்குள் ஒன்றே என்பதால் ஒரு டையோடு குறுக்கிணைப்பாகிறது. மறு அரைச்சுழற்சியில் இன்னொரு டையோடு மின்மாற்றியின் முழுச் சுமையையும் தாங்க நேர்ந்து கருகுகிறது. கருகியவுடன் 'பையனுக்குக் கவனமில்லை' என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. கவ்விகள் உள்ளே ஒன்றுதான் என்பதைச் சொல்லாமல் விட்டது எங்கும் எழுதப்படுவதில்லை. இதற்குப் பரிகாரமாக அலைகாட்டியின் பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிடும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அது இன்றே நிறுத்தப்பட வேண்டும்; கருவியின் உலோகக்கூடு மாணவரின் கைபடும் இடத்தில் உயர் மின்னழுத்தத்தில் நிற்கும் அபாயத்துக்கு ஒரு டையோடின் விலை ஈடாகாது.

எண்களை ஒப்பிடும்போது எழும் குழப்பங்களும் இவ்வாறே பாடமாக வேண்டியவை. மின்மாற்றியில் 9 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, மல்டிமீட்டரும் ஏறத்தாழ அதையே காட்டுகிறது, அலைகாட்டியில் மட்டும் உச்சி 12.7 வோல்ட் என்று தெரிகிறது. மீட்டர் காட்டுவது ஆர்.எம்.எஸ். எனப்படும் மதிப்பு, அதாவது அதே அளவு வெப்பத்தைத் தரக்கூடிய நேர்மின்னழுத்தத்துக்குச் சமமான எண். சைன் அலையில் உச்சமதிப்பு அதைப்போல் 1.414 மடங்கு. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டின் உச்சி 325 வோல்ட் என்பதும் இக்கணக்கிலேயே வருகிறது. ஆனால் விலைகுறைந்த மீட்டர்கள் சராசரியை அளந்து, சைன் அலை என்று எண்ணிக்கொண்டே அதை 1.11-ஆல் பெருக்கிக் காட்டுபவை. ஆகையால் 1 வோல்ட் வீச்சுள்ள சதுர அலைக்கு அவை 1.11 வோல்ட் என்று சொல்லும். எந்தக் கருவி சரி என்று கேட்கும் மாணவரிடம், எந்தக் கருவி எதை எண்ணிக்கொண்டு விடை சொல்கிறது என்று கேட்கப் பழக்குவதே இயற்பியல்.

அலைகாட்டியின் உள்ளீட்டில் டி.சி., ஏ.சி. என்று இரு நிலைகள் இருப்பதும் பல மாணவர்களுக்கு வெறும் எழுத்துகளாகவே நின்றுவிடுகிறது. வடிகட்டியுடன் கூடிய அலைதிருத்தியின் வெளியீடு 12 வோல்ட்டாக இருந்து, அதன்மேல் 0.2 வோல்ட் சிற்றலை ஏறியிருந்தால், டி.சி. நிலையில் கட்டத்துக்கு 5 வோல்ட் என்ற அளவில் அது நேர்கோடாகவே தெரியும்; ஏ.சி. நிலைக்கு மாற்றி, மாறாத பகுதியைத் தடுத்துவிட்டு, கட்டத்துக்கு 0.1 வோல்ட் என்று பெருக்கினால் 10 மில்லி நொடிக்கு ஒருமுறை வரும் ரம்பப்பல் வடிவம் இரண்டு கட்ட உயரத்தில் எழும். அதே ஏ.சி. நிலையை மறந்துபோய் மெதுவான சதுர அலையைப் பார்த்தால் அதன் தட்டையான உச்சிகள் சரிந்து தெரியும். சரிவு கருவிக்குள்ளிருக்கும் மின்தேக்கியின் வேலை என்பதை அறியாதவர், தம் சுற்றில் இல்லாத மின்தேக்கியைத் தேடி அலைவார்.

இலக்கமுறை அலைகாட்டி இன்னொரு வகையிலும் ஏமாற்றக்கூடியது. அது அலையைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. இடைவெளிவிட்டுப் புள்ளிகளாக எடுத்து அவற்றைக் கோட்டால் இணைக்கிறது. திரையின் முழு அகலத்துக்கும் 2500 புள்ளிகள் மட்டும் சேமிக்கும் கருவியில், கட்டத்துக்கு 0.1 நொடி என்று வைத்தால் நொடிக்கு 2500 புள்ளிகளே கிடைக்கும். அதனிடம் 2490 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் முந்தைய அலையில் சற்றே தள்ளிய இடத்தில் விழுந்து, மொத்தத்தில் 10 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்று தெளிவாகத் தோன்றும். திரைப்படத்தில் வண்டிச்சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிவதும் இதே காரணத்தால்தான். நேர அளவுகோலை மாற்றியவுடன் அதிர்வெண்ணும் மாறுமானால் அது போலி அலை என்ற எளிய சோதனையை ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். மாணவர் பிற்காலத்தில் இதயத் துடிப்பையோ நிலநடுக்கத்தையோ கணினியில் பதிவுசெய்யும் வேலைக்குப் போனாலும் அது துணைநிற்கும்.

இத்தனையும் நூலில் சொல்லித்தரலாமே என்று நீங்கள் கருதலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இத்துறையில் ஆய்வுச்சான்றே இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லில்லியன் மெக்டெர்மாட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு, மின்னோட்டம் விளக்குகளில் செலவழிந்து தீர்ந்துபோகிறது, மின்கலம் எந்தச் சுற்றிலும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தருகிறது என்பன போன்ற எண்ணங்கள், சூத்திரங்களைச் சரியாகப் போடும் மாணவர்களிடமும் பாடம் முடிந்த பின்னும் நீடிப்பதைக் காட்டியது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் நடாஷா ஹோம்ஸும் நோபல் பரிசுபெற்ற கார்ல் வீமனும் 2018-இல் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது: வகுப்பில் கற்ற கருத்தை உறுதிப்படுத்துவதையே நோக்கமாகக் கொண்ட ஆய்வகங்கள், அந்தக் கருத்துக்கான தேர்வு மதிப்பெண்ணைக்கூட அளவிடத்தக்க வகையில் உயர்த்தவில்லை என்று அவர்கள் கண்டார்கள். மாணவர் தாமே முடிவெடுத்து, பிழைகண்டு, திருத்தி மீண்டும் அளக்கும் வாய்ப்பே ஆய்வகத்தால் மட்டும் தரக்கூடியது என்பது அவர்களின் வாதம்.

இரண்டாவது குறை ரெக்கார்டு நோட்டைப் பற்றியது. தங்கவளையம் இட்ட மின்தடையின் மதிப்பு 5 விழுக்காடுவரை கூடவோ குறையவோ இருக்கலாம். மின்தேக்கிகளில் 10 அல்லது 20 விழுக்காடு வேறுபாடு வழக்கமானது. அலைகாட்டியின் செங்குத்து அளவிலேயே 3 விழுக்காடு பிழை பொதுவாக ஏற்கப்படுகிறது. இவ்வளவும் கூடிய சுற்றில் ஒரு வகுப்பு முழுவதும் கணக்கிட்ட காலமாறிலியை ஒரு விழுக்காடும் பிசகாமல் பெறுமானால், அது திறமையைக் காட்டுவதாகாது. எண்கள் அளக்கப்படவில்லை என்பதையே காட்டுகிறது. ஆயினும் பிசகாத நோட்டுக்கு இருபதுக்கு இருபதும், உண்மையாக அளந்து 1.14 மில்லி நொடி என்று எழுதியவருக்குச் சிவப்புக் கோடும் கிடைக்கின்றன. பதினெட்டு வயதில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பெற்ற மாணவர் அடுத்த வாரமே எண்ணைத் திருத்தக் கற்றுக்கொள்கிறார். ஆய்வகம் அவருக்குப் புகட்டிய முதல் திறன் அதுவாகிவிடுகிறது.

கருவிகள் போதா என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அதுவும் முழுமையான தடையாக நிற்கவில்லை. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் தன் ஃபீனிக்ஸ் திட்டத்தின்கீழ் வடிவமைத்த எக்ஸ்ப்ஐஸ் என்ற சிறு பெட்டி, கணினியோடு இணைத்தால் குறைந்த அதிர்வெண் அலைகளுக்கு அலைகாட்டியாகவும் சைகை தரும் கருவியாகவும் வேலை செய்கிறது. அதன் வடிவமைப்பும் மென்பொருளும் எவரும் பயன்படுத்தத் திறந்துவைக்கப்பட்டவை. மேற்சொன்ன மின்னேற்றச் சோதனைகளின் நேர அளவுகள் எல்லாம் அதன் எல்லைக்குள் அடங்குபவை. உடைந்துவிடும் என்ற அச்சத்துக்கு விடை இன்னும் எளிது: பூட்டிவைத்த அலமாரிக்குள் இருக்கும் கருவியும் பழுதாகத்தான் செய்கிறது, ஆனால் யாருக்கும் எதையும் கற்பிக்காமல் பழுதாகிறது.

ஆகவே உங்களிடம் வைக்கப்படும் கோரிக்கைகள் நான்கு; நான்கும் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை மாற்றாமலே உங்கள் துறை அளவில் செய்யக்கூடியவை. பருவத்தின் முதல் இரண்டு பிற்பகல்களை, எந்தச் சூத்திரமும் முடிவும் கேட்காமல், அலைகாட்டிக்கென்றே ஒதுக்குங்கள். விரல் அலையை நிறுத்துவது, டிரிகர் மட்டத்தைக் குலைத்து மீட்பது, ஏ.சி., டி.சி. நிலைகளை மாற்றிப் பார்ப்பது, புரோப்பை அலைகாட்டியே தரும் 1 கிலோ ஹெர்ட்ஸ் சதுர அலையில் வைத்து அதன் மூலைகள் நேராகும்வரை திருகிச் சரிசெய்வது ஆகியவையே அன்றைய வேலையாகட்டும். அந்த இரு நாள்களிலும், இயன்றால் பருவம் முழுவதும், ஆட்டோ பொத்தானின்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிடுங்கள்.

பட்டியலிலுள்ள ஒவ்வொரு சோதனையோடும், எதிர்பார்த்தபடி வராத ஓர் இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். மெகா ஓம் சுற்றும், தவறான இடத்தில் மாட்டிய கவ்வியும், போலி அலையும் தொடக்கத்துக்குப் போதுமானவை. இறுதியாக, ரெக்கார்டு நோட்டில் 'எதிர்பாராதது' என்று ஒரு தலைப்பைச் சேர்த்து, அதற்கு மதிப்பெண்ணில் கால்பங்கை ஒதுக்குங்கள். திரையில் கண்ட முரணை விவரித்து, அதற்கான காரணத்தை ஊகித்து, ஊகத்தைச் சோதிக்க என்ன மாற்றிப்பார்த்தார் என்று மாணவர் எழுதட்டும். வாய்மொழித் தேர்வில் சூத்திரத்தைச் சொல்லச் சொல்வதற்கு முன்னால், தாறுமாறாகத் திருகிவைத்த ஓர் அலைகாட்டியை முன்னே வைத்து, அலையை நிறுத்திக் காட்டுமாறு கேளுங்கள். அதை ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியவருக்கு மற்றவை தாமே வரும்.

உங்களில் பலர் ஒரு காலத்தில் பச்சைக்கோடு ஓடும் பழைய சி.ஆர்.ஓ.வின் முன் குமிழ்களைத் திருகித் திருகியே கற்றவர்கள். ஓடிய அலை நின்ற அந்தக் கணத்தில் உங்களுக்குக் கிடைத்ததை யாரும் நோட்டில் எழுதித் தரவில்லை. வரும் பருவத்தின் முதல் செய்முறை வகுப்பு தொடங்குமுன், மேசைமேல் அச்சிட்ட செய்முறைத் தாளை வைக்காமல், அலைகாட்டியை மட்டும் வைத்து, 'இதில் ஏதாவது ஓர் அலையை வரவழைத்து நிறுத்துங்கள்' என்று சொல்லிவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள் என்பதே உங்களிடம் கேட்கப்படுவது.